ஹெலிகேம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டி வந்துவிடும். ஆல்பம், கேண்டிட் எல்லாம் பேசி முடித்த கையோடு, "ஹெலிகேம் உண்டுதானே?" என்று டிரோன் கேமராவைக் கேட்பீர்கள். உண்டு. ஆனால் எல்லா மண்டபத்துக்கும் கிடையாது, எல்லாத் தெருவிலும் பறக்கவிட மாட்டோம். காரணத்தை ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரே தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் இடம். மத்திய அரசின் டிரோன் விதிகள் 2021 ஆகஸ்டில் வந்தன. அவை வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சையில் பொதுவாக 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு, 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சள். அந்த மஞ்சளில் தரையைவிட்டுக் கிளம்பினாலே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். அதனால்தான் மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடி, அவனியாபுரம் பக்க மண்டபங்கள் என்றால் தயங்குகிறோம். "சித்தப்பா பையன் கல்யாணத்துல அதே மண்டபத்துல எடுத்தாங்களே!" என்பீர்கள். எடுத்திருப்பார்கள். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் இருப்பதும் உண்மை. மீனாட்சியம்மன் கோபுரத்துக்கு மேலே ஒரு ஷாட் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

250 கிராமுக்குள் இருக்கும் நானோ டிரோனுக்கு இந்த விதியெல்லாம் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பைலட் சான்றிதழ் தேவையில்லை என்பது போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். மஞ்சளும் சிவப்பும் அதற்கும் உண்டு. அப்புறம், பெரிய தலைவர் ஊருக்கு வருகிறார் என்றால் போலீஸ் 96 மணி நேரம் வரை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். அன்றைக்குப் பார்த்து உங்கள் முகூர்த்தம் அமைந்தால் ஹெலிகேம் தொகையைத் திருப்பித் தந்துவிடுவோம்.

இது சுலபமான பகுதி. எந்த இடம் எந்த நிறம் என்று அரசின் டிரோன் வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கேமரா எதைப் பார்க்கலாம் என்பதற்குத்தான் வரைபடம் இல்லை. 2018-இல் வந்த டிரோன் விதிமுறைகளில், பிறருடைய அந்தரங்கம் கெடாமல் பார்த்துக்கொள்வது இயக்குபவரின் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. படிவங்களையும் கட்டணங்களையும் குறைத்து எளிமையாக்கிய இப்போதைய விதிகளில் அப்படித் தனியாக ஒன்றும் இல்லை. தொழில் செய்பவர்களுக்குச் சௌகரியம்தான். ஆனாலும் அந்த வரி இருந்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

ஊர்ப்பக்கம் வீட்டுக் கல்யாணம் எடுத்தவர்களுக்கு இது புரியும். பந்தலுக்கு மேலே நூறடி ஏறினால் பந்தல் மட்டுமா தெரிகிறது? பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வடகம் காய்கிறது, ஒரு அக்கா தலை துவட்டிக்கொண்டு நிற்கிறார். கொல்லைப்புறத்தில் கீற்று மறைப்பு, மேலே கூரை கிடையாது, உள்ளே யாரோ குளிக்கிறார்கள். ஆள் உயர மறைப்பு இருந்தால் போதும் என்று கட்டியது அது. கல்யாண வீட்டுக்காரர் எங்களுக்குச் சம்மதம் தந்திருக்கிறார், அந்த வீட்டுக்காரர் தரவில்லையே.

சட்டம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் சொல்லிவிட்டது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் வேண்டுமென்றே படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. வீட்டு உபயோகத்துக்காக நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளும் வீடியோவை அது தொடாது, தொழிலாகச் செய்யும் எங்களுக்கு அந்த விலக்கு இல்லை.

ஆகவே எங்கள் வழக்கம் இப்படி. வீட்டுக் கல்யாணம் என்றால் முந்தைய நாள் சாயங்காலமே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பையனும் கூட வருவான், ஆனால் உங்கள் வீட்டார் ஒருவர் போய்ச் சொன்னால்தான் மரியாதை. சொன்ன நேரத்தில் பத்து நிமிடம் பறக்கும், அவ்வளவுதான். கேமரா பந்தலைப் பார்த்தபடியே ஏறி, பந்தலைப் பார்த்தபடியே இறங்கும். பக்கத்து மாடிகள் விழுந்த துண்டுகளை எடிட்டிங்கிலேயே வெட்டிவிடுவோம். ஹெலிகேமின் ரா ஃபுட்டேஜை, அதாவது வெட்டாத முழுப் பதிவை, யாருக்கும் தருவதில்லை, வீடியோ உங்கள் கைக்கு வந்ததும் அழித்துவிடுகிறோம். இன்ஸ்டாகிராமில் போடுவதானால் உங்களைக் கேட்டுத்தான் போடுவோம்.

"வந்ததே வந்தீங்க, அப்படியே பங்காளி தோட்டத்தையும் ஒரு ரவுண்டு எடுத்துக் குடுங்க தம்பி, வரப்பு எங்க இருக்குன்னு பாத்துடலாம்" என்று அன்பாகக் கேட்கிறவர்களும் உண்டு. மன்னிக்கவும், அதற்குச் சர்வேயர்தான் வரவேண்டும்.

தேதி குறித்ததும் மண்டபத்தின் லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எந்த நிறம் என்று பார்த்துச் சொல்கிறோம். மஞ்சளாக இருந்தால் அனுமதிக்கு விண்ணப்பிக்க நாள் பிடிக்கும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டூடியோ, மதுரை