பெரியப்பா தீப்பெட்டியைத் தேடினார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய் பற்றி நீங்கள் போட்ட செய்தியை எங்கள் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். ஒரு மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில் நிறையப் பேர் புகைக்காதவர்களாம். வாசித்து முடித்துப் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, பீடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். எனக்கு வயிறு எரிந்தது. செய்தியில் பொய் இல்லை, பாதிக் கணக்குதான் இருந்தது. நம் ஊரில் பெண்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை, ஆண்களிலும் பழக்கமே இல்லாதவர்கள் ஏராளம், அப்புறம் நோயாளிகளிலும் அவர்கள் நிறைய இருக்கத்தானே செய்வார்கள்?

1950-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் லண்டன் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் 647 பேருக்குப் புகைப்பழக்கம். தூக்கிவாரிப் போடுகிறது, இல்லையா? ஆனால் வேறு நோய்களுக்காகப் படுத்திருந்த, அதே வயதுள்ள 649 ஆண்களையும் விசாரித்தார்கள், அங்கேயும் 622 பேர் புகைப்பவர்கள்! உண்மை மிச்சத்தில்தான் இருந்தது: புகைக்காதவர்கள் அங்கே 27, இங்கே வெறும் 2. பள்ளிக்கூடத்தில் செய்தது போல 647-ஐ 27-ஆல் பெருக்கி, 622-ஐ 2-ஆல் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் 14 வரும். இந்த மாதிரி அபூர்வமான நோய்க்கு அதைக் கிட்டத்தட்ட "புகைப்பவர்களுக்கு 14 மடங்கு ஆபத்து" என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று 1951-ல் கார்ன்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் காட்டினார்.

சரி, அதே கணக்கில் 1,269 புகைப்பவர்களில் 647 பேருக்குப் புற்றுநோய், ஆகவே 51 சதவீதம் என்று எழுதலாமா? கூடவே கூடாது. பாதிக்குப் பாதி என்று ஆட்களைச் சேர்த்ததே ஆய்வாளர்கள்தான். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வீதம் மற்றவர்களைச் சேர்த்திருந்தால் அந்த 51 சுமார் 34 ஆகியிருக்கும், 14 மட்டும் அப்படியே நிற்கும். நூற்றில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்று தெரிய வேண்டுமானால் நல்லா இருக்கும்போதே ஆட்களைப் பிடித்து வருஷக்கணக்கில் தொடர வேண்டும், டாலும் ஹில்லுமே 1951-லிருந்து பிரிட்டிஷ் டாக்டர்களை அப்படித்தான் தொடர்ந்தார்கள்.

உங்கள் நிருபரை அந்த மருத்துவமனைக்கு இன்னொரு தடவை அனுப்புங்கள். கால் முறிவுக்கும் குடலிறக்கத்துக்கும் வந்து படுத்திருக்கிறவர்களில், அதே வயதில், எத்தனை பேர் பீடி சிகரெட் பிடிக்கிறார்கள் என்று கேட்டு, அதையும் அதே பக்கத்தில் அதே பெரிய எழுத்தில் போடுங்கள். பெரியப்பாவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி