மயக்க ஊசிக்கு முன்னால் குறட்டையைப் பற்றிக் கேளுங்கள்

மத்திய, ஊவா மாகாணங்களின் சுகாதார அதிகாரிகளுக்கும், மலையக வைத்தியசாலைகளில் ஒபரேஷனுக்கு ஆட்களைத் தயார்படுத்தும் வைத்தியர்களுக்கும், என் சக தாதியருக்கும்,

வணக்கம்.

அப்பாவுக்குக் குடலிறக்க ஒபரேஷன் நடந்தபோது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். தேயிலை ஸ்டோரில் காலமெல்லாம் இராவேலை பார்த்தவர். ஒல்லியான மனிதர். காலையில் தியேட்டருக்குள் போனவரைப் பின்னேரம் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் பார்த்தோம். மேலுதடு வீங்கியிருந்தது, முன்பல் ஒன்று இல்லை, வாயில் மூச்சு விடுவதற்கான குழாய். மயக்க மருந்து கொடுத்த வைத்தியர் வந்து அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, இவர் இரவில் குறட்டை விடுவாரா என்பது. சிங்களத்தில் கேட்டார், பக்கத்தில் நின்ற சிற்றூழியர் தமிழில் சொன்னார்.

"கொறட்டை மட்டுமா ஐயா, மூச்சே நின்னுரும். நாந்தான் தட்டித் தட்டி எழுப்புவேன். முன்னுக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் அம்மா.

அந்த வைத்தியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான். கேள்வி எட்டு மணி நேரம் பிந்தி வந்தது, அதுதான் இத்தனை வருடமாக என்னை விடாமல் இருக்கிறது. இன்று நானே ஒபரேஷனுக்கு ஆட்களை அனுப்பும் வாட்டில் வேலை செய்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆறு பேரும் அதற்குள்தான் படுப்போம். அப்பாவின் குறட்டை தகரத்தில் மழை விழுவதுபோல ஏறிக்கொண்டே போய், சட்டென்று அறுந்துவிடும். அம்மா கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் நெஞ்சில் வைப்பார். எண்ணுவார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. தோளைப் பிடித்து உலுக்குவார். அப்பா "ஹ்ஹா" என்று மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு படுப்பார். அமுக்குவான் பேய் என்று பாட்டி விபூதி பூசி விடுவாள். தூக்கத்தில் பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை மருத்துவம் மூச்சுத்தடை என்று கணக்கெடுக்கிறது என்பதைத் தாதியர் பயிற்சியில்தான் படித்தேன். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அவருடைய கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். தொண்டை ஒடுங்கியவர்களுக்கு, நாக்கு பருத்தவர்களுக்கு, தாடை சிறுத்துப் பின்வாங்கியவர்களுக்கு அந்தத் தளர்வே மூச்சு வழியை அடைத்துவிடும். தூக்கத்தில் அடைத்தால் மூளை உலுக்கி எழுப்பும். மயக்க மருந்து அந்த உலுக்கலையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினாலும் உள்ளே போகாமல் இருக்கலாம். குழாய் போடலாமென்று வாயைத் திறந்து பார்த்தால், அது நுழைய வேண்டிய இடமான குரல் நாண்கள் கண்ணில் படாமல் போகலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மூச்சுத்தடை உள்ளவர்களுக்குக் குழாய் போடுவது கடினமாகும் வாய்ப்பும் முகமூடியால் காற்றுக் கொடுப்பது கடினமாகும் வாய்ப்பும் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தன. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். மூச்சு நிற்கும் நேரத்தில் கைகொடுக்கும் ஒட்சிசன் இருப்பும் மலையில் கொஞ்சம் குறைவு.

கேட்பதற்கு ஒரு படிவம் ஏற்கெனவே இருக்கிறது. டொரொன்டோவில் பிரான்சஸ் சங் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவரது குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஸ்டொப்-பேங். எட்டே கேள்விகள்: குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, பிரஷர், உடற்பருமன் சுட்டி (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்றிமீற்றருக்கு மேல், ஆணா என்பது. மூன்று 'ஆம்' வந்தால் கவனம், ஐந்து வந்தால் அதிக கவனம். தூக்கத்தை இரவு முழுக்க அளக்கும் பரிசோதனைக்குத் தோட்டத்து ஆளை அனுப்பிக் காத்திருக்க முடியாது. இதற்குத் தேவை தையல்காரரின் அளவுநாடாவும் ஐந்து நிமிடமும்.

ஆனால் அந்தப் படிவத்தை அப்படியே எடுத்து வந்தால் எங்கள் ஆட்களுக்குப் பொருந்தாது. 50 தாண்டிய, பிரஷர் உள்ள எந்த ஆணும் குறட்டையே விடாமல் மூன்று புள்ளி வாங்கிவிடுவார். மறுபக்கம், 35 என்ற பருமன் சுட்டியை எட்டும் தொழிலாளியை நான் வாட்டில் பார்ப்பதே அபூர்வம். உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004இலேயே ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற குறைந்த எல்லைகளைச் சொல்லியிருக்கிறது. நம் ஆட்களுக்குத் தாடை அமைப்பாலேயே, பருமன் இல்லாமலும் மூச்சுத்தடை வரலாம். அப்பாவின் ஒல்லி உடம்பைப் பார்த்துத்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்னைக் கேட்டால், மொத்தப் புள்ளியைவிட 'மூச்சு நிற்பதைப் பார்த்தேன்' என்று வீட்டார் சொல்லும் ஒரு பதிலுக்கு இங்கே கூடுதல் எடை கொடுக்க வேண்டும்.

களைப்புக் கேள்வியையும் மாற்றிக் கேட்க வேண்டும். காலையிலிருந்து மலையில் கொழுந்து எடுக்கிற பெண்ணிடம் "பகலில் களைப்பா" என்றால் என்ன சொல்லுவாள்? எல்லோருக்கும் களைப்புத்தான். "பஸ்ல குந்துன ஒடனே கண்ணு சொருகுதா, கோயில் பூசையில தூங்கிப் போறீங்களா" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக வரும். குறட்டையா என்று நேரே கேட்டால் பெண்கள் வெட்கப்பட்டு இல்லை என்பார்கள். மகளையோ தங்கையையோ தனியாகக் கேளுங்கள். வசதியில்லாத அந்த ஒற்றைக் காம்பராவில் ஒவ்வொரு நோயாளிக்கும் சாட்சி உண்டு. நாமோ அந்தச் சாட்சியைப் பார்வையாளர் நேரம் முடிந்ததென்று கேற்றுக்கு வெளியே அனுப்பிவிட்டு, நோயாளியிடம் மட்டும் படிவத்தை நீட்டுகிறோம். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது எப்படித் தெரியும்?

டொரொன்டோ படிவத்தில் வெற்றிலை இல்லை. எங்கள் படிவத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும். பாக்கு மெல்லுவதால் சிலருக்குக் கன்னத்தின் உட்தோல் தடித்து இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகிறது. பழக்கமாகிவிட்டதால் அவர்களுக்கே தெரியாது. சோற்று உருண்டையைச் சிறிதாக்கிச் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொன்னால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். போன மாதம் ஒரு அம்மாவுக்கு இரண்டாவது விரலே உள்ளே போகவில்லை. குறட்டை உண்டா என்று மகளைக் கேட்டேன், "ஊரே எழும்பும் மிஸ்" என்றாள். மயக்க மருந்து வைத்தியரிடம் சொன்னதும் முழு மயக்கம் வேண்டாமென்று முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். அப்படியும் குழாய் போட நேர்ந்தால் என்று கமரா வைத்த கருவியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கேள்விகள் எல்லோரையும் பிடித்துத் தராது. ஒன்றுமே இல்லை என்று குறித்தவருக்கும் தியேட்டரில் சிக்கல் வரலாம். வாயையும் கழுத்தையும் தாடையையும் வைத்தியர் பார்க்கும் வழக்கமான சோதனை அதன் இடத்தில் இருக்க வேண்டும். இது அதோடு சேர்வது.

தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று என்பது 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் ஏறியது. ஒபரேஷனுக்கு முந்திய கேள்விகள் மலையகத்தில் அச்சிட்ட தமிழில் இருக்க வேண்டும். திகதி குறிக்கும் நாளிலேயே, கிளினிக்கிலேயே, கூடப் படுப்பவரையும் வரச் சொல்லிக் கேட்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியிலும் மருத்துவமாதுவிடமும் இதே தாள் இருந்தால் வேலை பாதி அங்கேயே முடிந்துவிடும். கவனம் தேவைப்படுகிறவரின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதுங்கள். குழாய் போடச் சிரமப்பட்டவருக்கு அதைத் தமிழிலும் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அப்பாவுக்கு அப்படி ஒரு துண்டுகூடத் தரவில்லை.

சக தாதியருக்கு ஒன்று. ஒபரேஷன் முடிந்து வாட்டுக்கு வந்த இரவுதான் எனக்கு அதிகப் பயம். வலிக்குப் போடும் பெதிடினோ மோர்பினோ போன பிறகு குறட்டைச் சத்தம் நின்றுபோனால், நிம்மதியாகத் தூங்குகிறார் என்று கடந்து போகாதீர்கள். விரலில் ஒட்சிசன் மானியை மாட்டுங்கள். தலைமாட்டை உயர்த்திச் சரித்துப் படுக்க வையுங்கள். கட்டிலருகே போய் நெஞ்சில் கையை வையுங்கள்.

தோட்டத்துப் பேச்சுத் தமிழில் இந்தக் கேள்விகளை ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டி, அவருக்கு விளங்காத இரண்டு சொற்களை மாற்றினேன். எந்த வைத்தியசாலை கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
லயத்தில் பிறந்த ஒரு தாதிய உத்தியோகத்தர்