பேர்லயே பாடம் இருக்கு, அந்தப் பேர போர்டுல எழுதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருப்புக்கோட்டையில வீட்டுலயே டியூஷன் எடுக்குற டீச்சர் நான். இந்த மே லீவுல பதினாலு பிள்ளைங்கள ஒரு வேன்ல ஏத்திக்கிட்டு ராமநாதபுரம் மாவட்டத்துல கடலோரமா இருக்குற ஒரு கடல்வாழ் உயிரின மையத்துக்கு போயிட்டு வந்தோம். மையத்தோட பேரு வேண்டாம், அங்க வேலை பாக்குறவங்க யாரையும் குறை சொல்ல இத எழுதல, டிக்கெட் குடுத்த தம்பியில இருந்து குடிக்க தண்ணி கொண்டாந்து வச்ச அக்கா வரைக்கும் பிள்ளைங்கள அவ்வளவு பிரியமா பாத்துக்கிட்டாங்க. ஆனா கடல் உயிரினங்களுக்கு கடக்கரைக்காரங்க வச்ச தமிழ்ப் பேரு அங்க எந்த போர்டுலயும் இல்ல, அந்த விஷயம் வந்த நாள்ல இருந்து மனச அரிச்சுக்கிட்டே இருக்கு, அத உங்க பேப்பர் வழியா சொன்னாத்தான் சேர வேண்டியவங்க காதுல சேரும்.

எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேரு கடலையே அன்னைக்குத்தான் மொத தடவ பாக்குறாங்க. உள்ள போனதும் முதல் தொட்டியில கடல் குதிரை. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், கடல் புல்லு ஒண்ணுல வால சுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, மோட்டார் தண்ணிய தள்ளும்போதெல்லாம் புல்லு சாயுது, கூடவே அதுவும் சாயுது, ஆனா பிடிய மட்டும் விடவே இல்ல. ஏழாவது படிக்கிற ஒருத்தி கண்ணாடியில மூக்கு ஒட்ட அஞ்சு நிமிஷம் நின்னுட்டா. இதுல அப்பாதான் முட்டைய வயித்துப் பையில வச்சு சுமந்து குட்டி விடும்னு நான் சொன்னதும் "நெசமாவா டீச்சர்"னு திரும்பத் திரும்ப கேட்டுக்கிட்டே இருந்தா. இதுக்குத்தான கூட்டிட்டு வந்தோம்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ரூம்ல இருந்துதான் சிக்கல். வரிசையா ஜாடியும் மாடலும் வச்சிருக்காங்க, கீழ போர்டு, போர்டுல இங்கிலீஷ் பேரு, அதுக்குக் கீழ சாய்வெழுத்துல விஞ்ஞானப் பேரு. தமிழ் சில இடத்துல இருக்கு, அதுவும் அந்த விஞ்ஞானப் பேர அப்படியே தமிழ் எழுத்துல எழுதுனது, கிராசிலேரியா எடுலிஸ், டுகாங் டுகான் அப்படின்னு. பிள்ளைங்க எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க, நோட்டுல எழுதுனாங்க, அப்புறம் ஒருத்தன் மெதுவா "டீச்சர் இது பரீட்சைக்கு வருமா"ன்னு கேட்டான். கடல் குதிரைய பாத்தப்ப இருந்த கண்ணு பத்து நிமிஷத்துல மாறிப்போச்சு.

அந்த நேரத்துல அடியில கண்ணாடி வச்ச போட் ஓட்டுற பெரியவர் ஒருத்தர் உள்ள வந்தாரு. காத்து ஜாஸ்தியா இருக்கு, போட் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்லத்தான் வந்தாரு, பிள்ளைங்க முழிக்கிறத பாத்துட்டு அவரா ஆமை மாடல்கிட்ட போய் நின்னாரு. "தம்பி, இது முதுக எண்ணு"ன்னாரு. ஒருத்தன் விரல வச்சு நீளவாக்குல மேடா ஓடுற வரிகள எண்ணுனான், ஏழு வந்துச்சு. "அதான் ஏழுவரி ஆமை. இருக்குற ஆமையிலயே இதான் பெருசு. இனி எங்க பாத்தாலும் மறக்க மாட்டேல்ல?" பக்கத்துல இன்னொண்ணு, அதோட ஓடு ஓட்டு வீட்டுல ஓடு வேஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இருக்கு. அது அழுங்காமை. காட்டுல இருக்குற அழுங்குக்கு, அதான் எறும்புத்தின்னிக்கு, செதில் எப்படி அடுக்கி இருக்கும், அதே மாதிரி இதுக்கு ஓடு, அதனால அந்தப் பேரு. அப்புறம் சின்னதா ஒண்ணு, பங்குனி ஆமை. பங்குனி வாக்குல கரையேறி குழி தோண்டி ஒரே ராத்திரியில நூறு முட்டை கிட்ட போட்டுட்டு போயிரும், அந்த மாசமே அதுக்குப் பேராயிருச்சு.

ஆசிரியர் அவர்களே, இத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மூணு ஆமைய எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது, எது எப்ப கரைக்கு வரும், அத்தனையும் அந்தப் பேருக்குள்ளயே இருக்கு. காலேஜ்ல ஒரு பீரியட் முழுக்க சொல்லிக்குடுக்க வேண்டிய பாடத்த யாரோ ஒரு வலைக்காரரு எந்தக் காலத்துலயோ ஒரே வார்த்தையில அடக்கி வச்சுட்டு போயிருக்காரு, அந்த வார்த்தை அந்த ரூம்ல எந்த போர்டுலயும் இல்ல.

கடைசியா கடல் பசு ஜாடி, போர்டுல டுகாங் டுகான்னு இருந்துச்சே அதுதான். அத காட்டி "இது எங்களுக்கு ஆவுளியா"ன்னாரு அவரு. பெருசாச்சுன்னா மூணு மீட்டர் நீளம் வரும், ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கிலோ கடல் புல்லு திங்கும், மீன் மாதிரி செவுள் கிடையாது, மேல வந்து மூச்சு விட்டுட்டுப் போகணும், அதனால வலையில மாட்டி மேல வர முடியலன்னா மூச்சு முட்டியே செத்துரும். ஒரு குட்டி ஈன்டா அடுத்தது ஈன மூணுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஆகும், ஒண்ணு செத்தா அந்த இழப்பு ஈடாகுறது லேசு இல்ல. இதுக்காகவே 2022-ல பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரமா 448 சதுர கிலோமீட்டர காப்பகமா அறிவிச்சிருக்காங்க, இந்தியாவுலயே கடல் பசுவுக்குன்னு வந்த முதல் காப்பகம் அது. வலையில மாட்டுனத வலைய அறுத்து விட்ட மீனவங்களுக்கு வனத்துறை வெகுமதியும் குடுத்துருக்கு. அப்படி வலைய அறுத்து விடுறவரு அத டுகாங்னு நினைச்சா விடுறாரு? ஆவுளியான்னு தெரிஞ்சுதான் விடுறாரு. எங்க பிள்ளைங்க திரும்பி வர்ற வழியெல்லாம் வேன்ல அந்தப் பேரத்தான் சொல்லிக்கிட்டு வந்தாங்க.

பாசி விஷயமும் இப்படித்தான். போட்டுக்காக காத்திருந்தப்ப கரையில ரெண்டு அக்கா ஈரச் சேலையோட பாசிய காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, கையில விரலுக்கு விரல் துணி சுத்தியிருந்துச்சு, பாறையில உரசி கிழியாம இருக்க. எங்க பிள்ளைங்க கேக்க கேக்க எடுத்து எடுத்து காட்டுனாங்க, இது மரிக்கொழுந்து பாசி, இது கட்டக்கோரை, இது கஞ்சிப்பாசி. அந்தக் காலத்துல இத காய்ச்சி கஞ்சியாவே குடிச்சிருக்காங்களாம், அதான் அந்தப் பேரு. இதே கஞ்சிப்பாசிக்குத்தான் உள்ள போர்டுல கிராசிலேரியா எடுலிஸ்னு இருந்துச்சு, எடுலிஸ்னா லத்தீன்ல அதுக்கு அர்த்தமே திங்கக்கூடியதுங்கிறதுதான்! ரெண்டு பேரும் ஒரே விஷயத்தத்தான் சொல்றாங்க, ஒருத்தர் சொன்னது மட்டும் போர்டுல ஏறியிருக்கு. மரிக்கொழுந்து பாசியில இருந்து ஜெல்லி மாதிரி உறையுற அகர் எடுக்குறாங்க, கட்டக்கோரையில இருந்து எடுக்குற அல்ஜினேட்ங்கிற கெட்டியாக்குற பொருள் ஐஸ்கிரீம் வரைக்கும் போகுதுன்னு நான் சொன்னதும் பசங்களுக்கு ஒரே ஆச்சரியம். நம்ம திங்குற ஐஸ்கிரீமுக்குப் பின்னால இந்த அக்காக்களோட கை இருக்குன்னு அவங்க அன்னைக்குத்தான் பாத்தாங்க.

காத்து கொஞ்சம் அடங்குனதும் போட் எடுத்தாரு. கண்ணாடிக்குக் கீழ பவளப்பாறை, அவரு பார்னுதான் சொல்றாரு. பெரும்பாலும் பழுப்பா இருந்துச்சு, டிவியில வர்ற மாதிரி கலர் கலரா இல்ல, மான்கொம்பு மாதிரி கிளை விட்ட ஒரு புதர் மட்டும் நுனியெல்லாம் பளிச்சுனு வெள்ளை. அழகா இருக்குன்னு ஒரு பிள்ளை கை தட்டுச்சு. பெரியவர் தலைய ஆட்டுனாரு, "அழகு இல்ல பாப்பா, வெளுத்துப் போச்சு, வெயிலு"ன்னாரு. பவளப் பூச்சிக்கு சாப்பாடு குடுக்குறதும் கலர் குடுக்குறதும் அதுக்குள்ள குடியிருக்குற கண்ணுக்குத் தெரியாத பாசி, தண்ணி ரொம்ப சூடானா அந்தப் பாசி வெளியேறிரும், வெள்ளை எலும்பு மட்டும் தெரியும், சூடு சீக்கிரம் தணிஞ்சா பிழைக்கும், இல்லாட்டி பட்டினியில செத்துரும். 2010-லயும் 2016-லயும் மன்னார் வளைகுடாவுல இப்படி நிறைய வெளுத்துச்சு. அதுக்கும் முன்னாடி சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுல ரெண்டு தீவே தண்ணிக்குள்ள போயிருச்சு. 1986-ல மன்னார் வளைகுடாத் தீவுகள தேசியப் பூங்காவா அறிவிச்சப்ப கணக்கு 21 தீவு, அந்த ரெண்டும் அதுல சேந்ததுதான். கை தட்டுன பிள்ளை அதுக்கப்புறம் கரை வர்ற வரைக்கும் பேசவே இல்ல.

நான் கேக்குறது பெரிய செலவு கிடையாது. இங்கிலீஷ் பேரையும் விஞ்ஞானப் பேரையும் எடுக்கச் சொல்லல, அது வேணும், நாளைக்கு இந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு மேல படிக்கப் போனா அதுதான் உதவும். அதுக்கு மேல பெரிய எழுத்துல கடக்கரைக்காரங்க சொல்ற பேர எழுதுங்க, ஏன் அந்தப் பேருன்னு ஒரு வரி எழுதுங்க. ஊருக்கு ஊர் பேரு மாறுமேன்னு ஒரு அதிகாரி கேக்கலாம், மாறட்டும், ஏழுவரி ஆமைய சில ஊருல தோணி ஆமைன்னு சொல்றாங்க, ரெண்டையும் எழுதுங்க, எந்த ஊருல எப்படின்னு போடுங்க, பிள்ளைங்க குழம்ப மாட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு, ஸ்கூல் பிள்ளைங்க வர்ற நாள்ல போட் ஓட்டுற பெரியவர மாதிரி ஒருத்தரையும் பாசி எடுக்குற அக்கா ஒருத்தரையும் சம்பளம் குடுத்து அந்த ரூம்ல நிக்க வைங்க. மீன்பிடித் தடைக் காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகுல போறவங்களுக்கு அப்ப கடல்ல தொழில் கிடையாது, அதே நேரத்துலதான் பிள்ளைங்களுக்கு லீவு. இது ரெண்டையும் சேத்து யோசிக்க ஒரு ஆள் போதும்.

அன்னைக்கு பெரியவரும் அக்காக்களும் சொன்ன பேரையெல்லாம் பிள்ளைங்க பக்கத்துல படம் வரைஞ்சு நோட்டுல எழுதியிருக்காங்க, மொத்தம் 23 உயிரினங்களோட பேரு. அத ஜெராக்ஸ் எடுத்து போன திங்கக்கிழமை அந்த மையத்துக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியிருக்கோம், தப்பு இருந்தா திருத்தி அனுப்புங்கன்னு கேட்டு பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பதிலுக்கு காத்திருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
அருப்புக்கோட்டை