பாடியவர் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெஸ்டர்ன் ஸ்விங் (அமெரிக்க நாட்டுப்புற இசையும் ஜாஸும் கலந்த நடன இசை) பற்றிய கட்டுரை படித்தேன், நன்று, ஆனால் முழுக்க பிடில்காரர் பாப் வில்ஸ் புராணம்தான். பாடியவர் டாமி டங்கன் எங்கே போனார்?

டெக்சாஸ்காரர். 1932இல் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மாவு கம்பெனியின் ரேடியோ குழுவுக்கு ஆள் எடுத்தபோது, அறுபதுக்கும் மேற்பட்டோரில் தேறியவர். 1940இல் வில்ஸின் சொந்தக் குழுவின் 'நியூ சான் அன்டோனியோ ரோஸ்' பாட்டு அவர் குரலில்தான் பதிவானது. அந்தக் குழுவின் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள், நடுவில் வில்ஸ் 'ஆ...ஹா' என்று கத்துவார், டங்கனோ எதுவும் நடக்காததுபோல வெண்ணெய் மாதிரி பாடிக்கொண்டே போவார். அந்த நிதானம் எனக்கு வில்ஸின் பிடிலைவிடப் பிடிக்கும். 1948இல் குழுவிலிருந்து பிரிந்தார், அப்புறம் பத்து வருடத்துக்கும் மேல் கழித்து இருவரும் மீண்டும் சேர்ந்து பதிவு செய்தார்கள். 1967இல் 56 வயதில் காலமானார். அடுத்த வாரம் அவர் படத்தையாவது போடுங்கள் சார்.