எல்லா நோயாளிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிகிச்சைக்கு வருபவர்களிடம் மது, புகையிலை, போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்டுப் பதிவு செய்வது சரியா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகிவரும் கடிதங்களைப் படித்துவருகிறேன். அது தனிப்பட்ட வாழ்க்கையில் தலையிடுவது என்று ஒரு சாராரும், கேட்டாலும் யார் உண்மையைச் சொல்லப் போகிறார்கள் என்று இன்னொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கேட்கத்தான் வேண்டும், ஆனால் எல்லோரிடமும் கேட்க வேண்டும், தனியாக வைத்துக் கேட்க வேண்டும், கேட்டறிந்தது சிகிச்சையைத் தவிர வேறெதற்கும் பயன்படாது என்ற உறுதியோடு கேட்க வேண்டும். இப்போது பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுவல்ல என்பதால்தான் இரு சாராரின் குறைகளும் நியாயமாகத் தோன்றுகின்றன.

கேட்க வேண்டிய விதத்தில் கேட்காமல் விட்டால் என்ன நேர்கிறது என்பதை வார்டில் இரவுப் பணி பார்த்த எவரும் அறிவர். குடலிறக்கத்துக்கோ எலும்பு முறிவுக்கோ ஒருவர் சேர்க்கப்படுகிறார். படிவத்தில் ‘மதுப் பழக்கம்: இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. முதல் நாள் கையில் சிறு நடுக்கமும் வியர்வையும் தெரிகின்றன. வலியினால் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. மறுநாள் தூக்கம் இல்லை, நாடித்துடிப்பு ஏறுகிறது. மூன்றாம் நாள் இரவு அவர் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிகிறார், தையல் போட்ட வயிற்றோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். மயக்க மருந்து மூளையைப் பாதித்துவிட்டது என்று உறவினர்கள் கதறுகிறார்கள். உண்மையில், நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தும்போது, கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். பிரமையும் உளறலும் கலந்த கடுமையான நிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தலைகாட்டும், கவனிக்காவிட்டால் உயிரையும் பறிக்கும். முன்பே தெரிந்திருந்தால் டயாசிபாம் வகை மருந்தை அளவறிந்து கொடுத்து இதைத் தடுத்திருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியைப் போட்டு, மூளைக்கு வரக்கூடிய நிரந்தரப் பாதிப்பையும் தவிர்த்திருக்கலாம். இவை விலை மிகுந்த மருந்துகள் அல்ல, கிடைக்காதவையும் அல்ல. வேண்டிய தகவல்தான் கிடைக்கவில்லை. சேர்க்கைக் கவுண்டரில் மனைவியும் மாமனாரும் மைத்துனரும் சூழ்ந்து நிற்க, தலையை நிமிர்த்தாமல் ‘குடிப்பீங்களா?’ என்று ஒருவர் கேட்டார். நோயாளி இல்லை என்றார். அவ்விடத்தில் வேறு என்ன பதிலை எதிர்பார்க்க முடியும்?

மதுவைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. புகைப்பவரின் காயம் ஆறத் தாமதமாகும், மயக்க மருந்து கொடுக்கும்போது நுரையீரல் சிக்கல்கள் கூடும். அறுவை சிகிச்சைக்கு ஏறத்தாழ 4 வாரங்களுக்கு முன்பே புகைப்பதை நிறுத்தினால் இந்த ஆபத்து குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் தெளிவாகச் சொன்னது. நாள் குறிக்கும்போதே கேட்டால்தான் அந்த 4 வாரம் கிடைக்கும். முதல் நாள் மாலை கேட்டு என்ன பயன்? இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: சிகரெட் புகையிலுள்ள வேதிப்பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுவதால், மூச்சுத்திணறலுக்குத் தரும் தியோஃபிலின், மனநோய்க்குத் தரும் குளோசபின் போன்ற மருந்துகள் புகைப்பவர் உடலில் விரைவாகச் சிதைகின்றன. அவர் மருத்துவமனையில் படுத்துச் சில நாட்கள் புகைக்காமல் இருந்தால், வழக்கமான அதே மாத்திரையே இரத்தத்தில் அளவு மீறி நச்சாகலாம். அபின் வகைப் பொருளுக்கு அடிமையானவருக்கு அது தெரியாமல் பென்டசோசின் ஊசியை வலிக்காகப் போட்டால், வலி குறைவதற்குப் பதில், போதைப்பொருளைத் திடீரென்று நிறுத்தினால் வரும் கடுமையான வேதனையான விலகல் துன்பம் தொடங்கிவிடும். தூக்க மாத்திரையைப் பல ஆண்டுகளாக இரவு தவறாமல் போட்டுவந்த முதியவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் தம்மைப் போதைப் பழக்கம் உள்ளவராக நினைப்பதே இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத்தானே சாப்பிடுகிறார்! ஆகவே ‘போதைப் பழக்கம் உண்டா?’ என்று கேட்டால் அவரிடமிருந்து பதில் வராது. என்னென்ன மாத்திரை, எத்தனை காலமாக என்று கேட்க வேண்டும்.

எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நடைமுறையில் கேட்கப்படுபவர் யார் என்று பாருங்கள். கசங்கிய சட்டை, சிவந்த கண், கூலி வேலை என்றால் கேள்வி உடனே வருகிறது, அதுவும் அதட்டலாக வருகிறது. நன்றாக உடுத்தி, படித்த பேச்சோடு வருபவரிடம் கேட்க நாக்கு எழுவதில்லை. பெண்களிடம் கேட்பதை அவமரியாதை என்று கருதுகிறோம்; முதியவர்களிடம் கேட்கத் தோன்றுவதே இல்லை. ஆனால் அதே அளவு மது பெண்ணின் கல்லீரலை ஆணைவிட விரைவில் கெடுக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு மது இழைக்கும் தீங்கு 1973இலேயே ஒரு நோய்க்குறித் தொகுதியாக மருத்துவ உலகில் பெயரிடப்பட்டுவிட்டது. முகத்தைப் பார்த்துக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பக்கம் ஏழையை அவமதிக்கிறோம், மறு பக்கம் உதவி தேவைப்படும் மற்றவர்களைக் கைவிடுகிறோம். இரத்த அழுத்தமும் எடையும் போல வந்தவர் அனைவருக்கும் பார்க்கப்படும் ஒன்றாக இது ஆகிவிட்டால், ‘என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?’ என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையிருக்காது.

கேட்கும் முறைக்கு வருகிறேன். மருந்துச் சீட்டைக் கொடுத்து உடன் வந்தவரை அனுப்பிவிட்டு, இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, “ஐயா, இது எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். ஊசி மருந்தை அளவு பாத்துப் போடணும், அதுக்குத்தான். போன ஒரு வருஷத்துல எத்தனை நாளைக்கு ஒரு தடவை குடிச்சிருப்பீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். “தினம் இல்லீங்க சிஸ்டர், உடம்பு வலிக்கு மட்டும்” என்று தொடங்குபவர், உடம்பு வலி வாரத்தில் எத்தனை நாள் வரும், அன்று எவ்வளவு என்று பொறுமையாகக் கேட்டால் தாமே சரியான அளவைச் சொல்லிவிடுவார். எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்வதும், உண்டா இல்லையா என்று கேட்காமல் எத்தனை முறை, எவ்வளவு என்று கேட்பதும் அனுபவத்தில் பலித்த வழிகள்.

இதற்கான வினாத்தாள்களும் பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவையே. மதுப் பழக்கத்தை அறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ வினாத்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு தரும் நிலையை நெருங்கிவிட்டது என்று பொருள். 20 அல்லது அதற்கு மேல் போனால் குடிநோய் இருக்கிறதா என்று நிபுணர் பார்க்க வேண்டும். நேரமில்லாத இடத்தில் அதன் முதல் 3 கேள்விகளே போதும். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். புகையிலைக்கு, காலையில் கண்விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்ற ஒரே கேள்வி பெருமளவு சொல்லிவிடுகிறது. 5 நிமிடத்துக்குள் என்றால் அடிமைத்தனம் கடுமையானது. ‘அசிஸ்ட்’ என்ற மற்றொரு வினாத்தாளின் 8 கேள்விகள் புகையிலை, மது, கஞ்சா, தூக்க மாத்திரை, அபின் வகை என எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கின்றன. அதன் கடைசிக் கேள்வி ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொண்டதுண்டா என்பது. அதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் பி, சி ஆகியவற்றுக்கான பரிசோதனையைப் பற்றியும் அவரிடம் பேசியாக வேண்டும்.

கேட்பதால் யாராவது திருந்தியிருக்கிறார்களா என்று ஒரு வாசகர் வினவியிருந்தார். திருத்துவது இதன் நோக்கமல்ல. ஆயினும் பலன் இருக்கிறது. சிறியது, ஆனால் மெய்யானது. லண்டனில் குடும்ப மருத்துவர்களைக் கொண்டு மைக்கேல் ரஸ்ஸல் குழுவினர் நடத்தி 1979இல் வெளியிட்ட ஆய்வில், ஓரிரு நிமிடம் அறிவுரை சொல்லி, ஒரு துண்டறிக்கை கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 5.1 சதவீதம் பேர் ஓராண்டுக் காலம் புகையை விட்டிருந்தார்கள்; எதுவும் செய்யப்படாதவர்களில் அது 0.3 சதவீதம். நூற்றுக்கு ஐந்து பேர் என்பது அற்பமாகத் தோன்றலாம். உலகெங்கும் மருத்துவரிடம் போகும் புகைப்பவர்களை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மதுவைப் பொறுத்தவரை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 69 ஆய்வுகளைக் கொண்டு வெளியிட்ட 2018ஆம் ஆண்டு மதிப்பாய்வு, சில நிமிட ஆலோசனை பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 20 கிராம் தூய ஆல்கஹால் குறைவாகக் குடித்தார்கள் என்று கண்டது. பிற போதைப்பொருள்களில் நிலைமை அவ்வளவு நம்பிக்கையானதல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளில், கண்டறிந்து சிறிது பேசி அனுப்புவதால் மட்டும் போதைப்பொருள் பயன்பாடு குறையவில்லை. அங்கே தொடர்ந்த சிகிச்சை தேவைப்படுகிறது. ஆனால் தவறான ஊசியைத் தவிர்க்கவும், விலகல் துன்பத்தைத் தடுக்கவும், நோய்த்தொற்றைக் கண்டுபிடிக்கவும் அந்தத் தகவல் அப்போதும் வேண்டியிருக்கிறது.

தனிவாழ்க்கை பற்றிய அச்சத்தை நான் இலேசாக நினைக்கவில்லை. அதுவே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு மருத்துவமனை, கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரை அவர்கள் சம்மதம் பெறாமல் கொகெய்னுக்காகச் சோதித்து, முடிவைக் காவல்துறைக்குக் கொடுத்துவந்தது. பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001இல் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இப்படி ஒரு செய்தி பரவினால், உதவி மிகவும் தேவைப்படும் கர்ப்பிணிதான் முதலில் மருத்துவமனைப் பக்கம் வராமல் நின்றுவிடுவாள். சிறுநீர்ச் சோதனைகூட நாம் நினைப்பதுபோல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கஞ்சா நெடுநாள் புகைத்தவர் விட்டுவிட்ட பின்னும் பல வாரங்கள் அது தென்படும். சில சளி மாத்திரைகள் பொய்யான முடிவைத் தரும். எவ்வளவு, எத்தனை காலம், விட்டுவிட விருப்பமுண்டா என்பதையெல்லாம் எந்தச் சோதனையும் காட்டாது. ஆகவே பேசிக் கேட்பதே முதல் வழியாக இருக்க வேண்டும், சோதனை தேவைப்பட்டால் நோயாளியின் சம்மதத்தோடு நடக்க வேண்டும். பதில் சொல்ல விரும்பாதவருக்கு அந்த உரிமையும் உண்டு. அதனால் அவருடைய சிகிச்சை ஓர் அணுவும் குறையக் கூடாது. பதிவானது வேலை கொடுப்பவருக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ காவல் நிலையத்துக்கோ நோயாளி அறியாமல் போகக் கூடாது. குடும்பத்தாருக்கும் அவர் சொல்லாமல் நாம் சொல்லக் கூடாது. கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் பெரிய எழுத்தில் ‘குடி’ என்று எழுதிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்வை நேரத்தில் வருகிற அத்தனை பேரும் அதைப் படிக்கிறார்கள். அதன் பிறகு அந்த மனிதர் எந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்வார்?

கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவதும் தவறு. புகையை விட உதவும் நிக்கோட்டின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கே உதவும் மாத்திரைகளான வரெனிக்ளினும் புப்ரோபியோனும் 2021இல் சேர்ந்தன. குடிநோய்க்கான அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்ஸோன் ஆகியவை 2023இல் சேர்ந்தன. அபின் வகை அடிமைத்தனத்துக்கான மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் 2005 முதலே இருக்கின்றன. இவற்றில் ஒன்றையாவது எழுதிக் கொடுக்கவோ, எழுதிக் கொடுப்பவரிடம் அனுப்பவோ வழியில்லாத இடத்தில், நோயாளி தயங்கித் தயங்கிச் சொன்னது வெறும் குறிப்பாக நின்றுபோகிறது. மறுமுறை அவர் சொல்லவும் மாட்டார்.

மருத்துவமனைகளை நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கேள்விகளைச் சேர்க்கைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நோயாளியைச் செவிலியர் முதன்முதலாகப் பரிசோதிக்கும் நேரத்துக்கு அவற்றை மாற்றுங்கள்; அந்தச் சில நிமிடங்களைப் பணி நேரக் கணக்கில் சேர்த்துக் கொடுங்கள். ‘உண்டு / இல்லை’ என்ற கட்டத்தை நீக்கி, எவ்வளவு, எத்தனை முறை, கடைசியாக எப்போது என்று மூன்று கட்டங்களை அச்சிடுங்கள். கடைசியாக எப்போது என்ற கட்டம் காலியாக இருந்தால், நோயாளியை அறுவை அரங்குக்கு அனுப்பும் முன் செவிலியர் அதை மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும் என்று விதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்