பந்திக்கு நிபந்தனை வேண்டாம், பொறுப்புக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்மிகச் சங்கங்கள் கதவை அகலத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் இருக்கிற பெரியவர்களோடு அவையும் முடிந்துபோகும் என்று சென்ற இதழில் கும்பகோணத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் சீர்காழிப் பக்கம் வள்ளலார் வழியில் நடக்கும் ஒரு சன்மார்க்க சங்கத்தின் அன்னதான அடுப்படியில் பல வருடங்களாகக் காய் நறுக்குகிறவள். எங்கள் சங்கத்திலும் இதே பேச்சுதான். உறுப்பினர் படிவத்தில் உள்ள புலால் மறுப்பு உறுதிமொழியை எடுத்துவிட்டு, ஆயுள் சந்தா கட்டுகிற எவரையும் வாக்குரிமையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் பொதுக்குழுவுக்கு வருகிறது. அதன் பின்னாலேயே யோகா வகுப்பு, மாதாந்திர ஹோமம், கூடத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது என்று வரிசை நிற்கிறது. எனக்கு இதில் சம்மதமில்லை. இதை எதிர்த்துப் பேசுகிற பெரியவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை.

வள்ளலார் இந்த விஷயத்தை யோசிக்காமல் விட்டுப் போனவர் அல்ல. 1867-ல் வடலூரில் தர்மச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தவன் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன செய்கை என்று விசாரிக்காமல் சோறு போடச் சொன்னவர் அவர். செய்கையைக்கூட விசாரிக்கக் கூடாது என்பதைக் கவனிக்க வேண்டும். குடித்துவிட்டு வருகிறவனுக்கும் அங்கே இலை உண்டு. அதே மனிதர் 1872-ல் ஜோதி வழிபாட்டுக்குச் சத்திய ஞானசபையை அமைத்தபோது, கொலை புலை தவிர்த்தவர்களே, அதாவது உயிர்க்கொலையும் புலால் உணவும் விட்டவர்களே உள்ளே வர வேண்டும் என்றார். உள்ளே சென்று விளக்கு வைப்பவருக்கு இன்னும் கண்டிப்பு: வயது 12-க்கு உட்பட்டிருக்க வேண்டும், அல்லது 72-க்கு மேற்பட்டிருக்க வேண்டும். ஆசாபாசம் தொடங்காத வயது, அல்லது தீர்ந்துபோன வயது என்று நான் புரிந்துகொள்கிறேன். சாப்பாட்டுக்கு ஒரு விதி, சபைக்கு ஒரு விதி. இரண்டையும் எழுதியது ஒரே கை. எங்கள் தீர்மானக்காரர்கள் முதல் விதியைக் காட்டி இரண்டாவதைக் கழற்றப் பார்க்கிறார்கள். பெரியவர்களோ இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை மறந்துவிட்டார்கள்.

பெரியவர்களைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது எங்கள் அண்டாக்கள் கடற்கரைப் பக்கம் போயின. அப்போது பழக்கமான மீனவப் பெண்கள் சிலர் இன்றும் மாதப் பூசத்தன்று உதவிக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் மீனைத் தொட்டே பல வருடமாகிறது. வள்ளலார் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் முழுவதும் அவருக்கு மனப்பாடம், எங்கள் செயலாளருக்குக்கூடப் புத்தகம் வேண்டும். அந்த அம்மாளை இன்னமும் 'மீன்காரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்; திண்ணையில் முறத்தைக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். புலால் மறுப்பு என்பது இன்றைக்கு நினைத்தால் நாளை முதல் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒழுக்கம். அதைப் பிறப்பு அடையாளமாக்கிவிட்டு, சங்கத்தின் நோக்கத்தைக் காக்கிறோம் என்றால் எப்படி ஏற்பது?

திறந்துவிடுவோம் என்பவர்களின் லட்சணத்தையும் பார்த்தாயிற்று. போன வருடம் ஒரு பெரிய நன்கொடையாளரின் மணிவிழா அன்னதானம் எங்கள் கூடத்தில் நடந்தது. நல்ல மனிதர்தான், தாராளமாகவே கொடுத்தார். மேசை விரிப்பு, தலைவாழை இலை, இரண்டு பாயசம், வாசலில் பேனர். அன்றாடம் பன்னிரண்டு மணிக்கு வருகிறவர்கள் வழக்கம்போல் தூக்குச்சட்டியோடு வந்தார்கள்: பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவர்கள், நடவு வேலை இல்லாத நாளில் வருகிற பாட்டிகள், தெரு கூட்டுகிற பெண்கள். விருந்தாளிகள் எழுந்த பிறகு வரச்சொல்லி கேட்டைச் சாத்தினார்கள். இரண்டரை மணிக்குத் திறந்தபோது சாம்பாரில் வெந்நீர் ஊற்றி விளாவிக்கொண்டிருந்தோம். ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. எந்தத் துணைவிதியையும் யாரும் மாற்றவில்லை, தீர்மானம் எதுவும் போடவில்லை. சந்தாவுக்கு வாக்கு என்று விதியே வந்துவிட்டால் அந்த கேட் எந்தெந்த நாளில் சாத்தியிருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

கும்பகோணத்து வாசகர் கதவைத் திறந்து வைத்ததற்கு அடையாறு பிரம்மஞான சபையை (தியாசபிகல் சொசைட்டி) உதாரணம் காட்டியிருந்தார். நல்ல உதாரணம், ஆனால் அவர் சொன்னதற்குப் பொருந்தாது. 1875-ல் நியூயார்க்கில் தொடங்கியபோது பிரபஞ்ச விதிகளைப் பற்றிய அறிவைத் திரட்டிப் பரப்புவதே அந்தச் சபையின் நோக்கம். உலக சகோதரத்துவம் பிறகு வந்து முதலிடம் பிடித்தது. இனம், மதம், சாதி, ஆண் பெண் பேதம் பாராமல் சேர்ப்பது அங்கே நோக்கத்தைத் தளர்த்துவது அல்ல, அதுவே நோக்கம். ஆனால் அன்னிபெசன்ட் அந்தச் சபையின் தலைவராக இருந்த காலத்தில், உலக குரு வருகிறார் என்ற நம்பிக்கை உள்ளே நுழைந்தது. அதற்காகவே 1911-ல் ஒரு நட்சத்திர சங்கம் எழுந்தது. அதன் தலைவராக அமர்த்தப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தியே 1929-ல் ஹாலந்தில், கூடியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் அதைக் கலைத்தார். வந்த சொத்துகளையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். கூட்டம் சேர்ந்ததே தவிர, எதற்குச் சேர்ந்தது என்பது கோணலாகிவிட்டதை அவர் பார்த்தார். எங்கள் ஊரில் சொத்தைத் திருப்பிக் கொடுத்த சங்கம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்காக எதையுமே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1865-ல் தாம் வைத்த சங்கப் பெயரையே 1872-ல் மாற்றியவர் வள்ளலார். தமக்கு முன்பு சைவ சமயத்தில் இருந்த பற்று அளவிட முடியாதது, பிறகு அது போய்விட்டது என்று 1873-ல் மேட்டுக்குப்பத்தில் கூட்டத்தின் முன் வெளிப்படையாகச் சொன்னவர். யோகா வகுப்பு தாராளமாக நடக்கட்டும். கல்யாணத்துக்குக் கூடம் கொடுப்பதும் அடுப்பு அணையாத வரையில் சரி. ஹோமம் மட்டும் வேண்டாம், சடங்குகளைத் தள்ளியவர் பெயரில் அது அபத்தம். வடலூர் ஞானசபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டலாமா என்று நீதிமன்றம் வரை போன வழக்கிலும் எனக்குப் பட்டது இதுதான்: மையம் வரட்டும், லட்சம் பேர் நின்று ஜோதி பார்க்கிற வெட்டவெளியில் வேண்டாம்.

பொதுக்குழுவில் நான் ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். உறுதிமொழி அப்படியே இருக்கட்டும், கையெழுத்திடுகிறவரின் தெருவை யாரும் கேட்கக் கூடாது. வாக்குரிமைக்குச் சந்தா ரசீது மட்டும் போதாது. மாதத்தில் ஒரு நாளாவது அடுப்படியிலோ பந்தியிலோ நின்றிருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிப் பேருக்கு மேல் அதில் தேற மாட்டார்கள், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் தேறுவார்.

பொதுக்குழுவைக் காலை பதினொரு மணிக்கு வைத்திருக்கிறார்கள். அது எங்களுக்குச் சோறு வடிக்கிற நேரம். பந்தி முடிந்து மூன்று மணிக்கு மாற்றும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு சன்மார்க்க சங்க உறுப்பினர்,
சீர்காழி வட்டம்.