எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு, உணவு மானியம், சாலை, குடிநீர் எல்லாவற்றையும் அரசுகள் தனித்தனித் திட்டங்களாகவே அறிவிக்கின்றன. ஆனால் மாதக் கடைசியில் ஒரு குடும்பத்துக்கு இவையெல்லாம் ஒரே கணக்குதான். ஊருக்கு வெளியே வீடு இலவசமாகவே கிடைத்தாலும், வேலைக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டுமென்றால், அந்தச் செலவு சாப்பாட்டில்தான் கை வைக்கும். முதலில் குறைவது குழந்தைகளின் பாலும் பழமும்.

மெக்சிகோவில் இது பெரிய அளவில் நடந்தது. 2000-க்குப் பிறகு வீட்டுக்கடன் திட்டங்களின் கீழ் நகர எல்லைகளைத் தாண்டி லட்சக்கணக்கான வீடுகள் எழும்பின. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் வீடுகளில் ஆளில்லை. அத்தனையும் இந்தத் திட்டங்களில் கட்டியவை அல்ல. வன்முறைக்கு அஞ்சி வெளியேறியவர்களும் உண்டு. ஆனாலும் வேலையும் பள்ளியும் எட்டாத தூரத்தில் இருந்ததால் கைவிட்டுப் போனவர்கள் ஏராளம். கட்டிய வீடுகளை எண்ணியவர்கள், அவற்றில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்க்கவில்லை.

வியன்னா வேறு வழியில் போனது. முதல் உலகப் போரில் நொடிந்துபோன அந்த நகரம், 1923-ல் வீட்டு வரி விதித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றில் 1930-ல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பில் ஏறக்குறைய 1,400 வீடுகள். கூடவே சலவைக்கூடம், மழலையர் பள்ளி, நூலகம். எதிரிலேயே ரயில் நிலையம். இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். உணவில் பிரேசிலைச் சொல்லலாம்: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்க வேண்டும் என்று 2009-ல் சட்டமே போட்டார்கள். பிள்ளைகளின் தட்டும் விவசாயியின் வருமானமும் ஒரே செலவில் நிறைகின்றன.

இன்னொன்று, பராமரிப்பு. திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை. தண்ணீர் மோட்டார் பழுதாகி, லிஃப்டும் நின்றுவிட்டால், ஆறாவது மாடிக்குக் குடம் சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தான். இதை எந்தத் துறையின் ஆண்டறிக்கையும் பதிவு செய்வதில்லை.

பஸ், குடிநீர், பள்ளி, மலிவு விலை உணவுப்பொருள் நான்கும் வந்துசேர்ந்த பிறகே வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவைக் கட்டுமான மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். குடியேறி ஓராண்டு கழித்து எத்தனை குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன என்ற கணக்கைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்